சமையலறை இல்லாத ஊர்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. சட்டையைக் கையில் எடுத்ததுமே காலருக்குக் கீழே தையல் எங்கே தடுமாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பொத்தான் துளையில் பிசிறு, பாக்கெட்டில் கோணல், மெஷின் எண்ணெய்க் கறை, எதுவும் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பேன். இந்தக் கண்ணைச் சாயங்காலம் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. அதனால் எனக்கு அருவருப்பு ஜாஸ்தி என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு முடிவு. இருக்கட்டும். அவர்கள் பார்க்காமல் விடுவதை நான் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

போன மே மாதம் இந்தக் கண் அதிகம் பார்த்தது எங்கள் சமையலறையை. மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட், கட்டடத்தின் கடைசி மாடி. தலைக்கு மேலே மொட்டைமாடி, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மேற்கு வெயில். மத்தியானத்துக்கு மேல் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதோ நின்றுவிட்டது. அதன் இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு பூசியிருக்கும், பிசுக்கில் கொசு ஒட்டியிருக்கும். கீழே நின்று கடுகு தாளிக்கும்போதெல்லாம் அந்தக் கொசுவில் ஒன்று குழம்பில் விழுந்துவிடுமோ என்று ஒரு கண் மேலேயே இருக்கும். கழுத்தில் ஆரம்பிக்கிற வேர்வை முதுகில் இறங்கி, இடுப்பில் உள்பாவாடை நாடா கட்டிய இடத்தில் தேங்கி நிற்கும். அந்த ஈரம் எனக்குக் குமட்டும். என் உடம்புதான், இருந்தாலும் குமட்டும்.

ராத்திரிக்கு எங்கள் வீட்டில் தோசைதான். கூடத்தில் டீவி முன்னால் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று ஊற்றுவேன், போகும். அடுத்தது ஊற்றுவேன், போகும். "முறுகலா", "இதுல கொஞ்சம் நெய்", "எனக்கு மெத்துனு" என்று குரல்கள் மட்டும் உள்ளே வரும். எல்லோரும் முடித்த பிறகு அடியில் இருக்கிற மாவை வழித்து எனக்கு இரண்டு ஊற்றி, தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு, மேடையைத் துடைத்து, பாத்திரத்தை ஊறப்போட்டு, ஒரு குளியல் போட்டு வந்து உட்காருவேன். எங்கள் அம்மா வீட்டிலும் இப்படித்தான். நான் பார்த்த எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

ஆகவே அந்தக் கோடையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நாள் நான் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது. யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைக்க, நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் கடல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

வெளியூர் போகும் பேச்சை எடுத்தவர் என் கணவர். ஆவடியில் டிஃபென்ஸ் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. எங்கள் ஒரே மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஜூலையில் கோயம்புத்தூர் கல்லூரிக்கு, விடுதிக்குப் போகிறாள். அவள் கிளம்புவதற்குள் குடும்பமாக எங்காவது போய்வர வேண்டும் என்றார். பூந்தமல்லியில் இருக்கும் அவருடைய தம்பி குடும்பமும் சேர்ந்துகொண்டது. என் கொழுந்தன், அவன் மனைவி, இரண்டு சின்னப் பையன்கள். மலைப்பக்கம் எதிலும் ரூம் இல்லை என்று ஆனதும் கடற்கரைக்கு வந்தார்கள். கோவளமா, மாமல்லபுரமா என்று வாட்ஸப் குழுவில் ஆரம்பித்தது வாதம். இரண்டும் ஒரே ரோட்டில், பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில் இருக்கிற ஊர்கள். ஒரே கடல், ஒரே உப்பு. இதற்கு ஒரு வாரம் சண்டை.

மாமல்லபுரத்தில் கொழுந்தன் பார்த்து வைத்திருந்தது ஓட்டல் ரூம். கட்டில், மேஜை, குளியலறை, முடிந்தது. கீழே சாப்பாட்டுக் கூடம். கோவளத்தில் பார்த்தது ஒரு தனி வீடு. நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அதன் படங்களை அவன் குழுவில் போட்டான். கூடம், படுக்கையறை, ஊஞ்சல். கடைசியாக வந்தது சமையலறை. கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி, தோசைக்கல் வரைக்கும் வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூ வைத்துப் படம் எடுத்திருந்தார்கள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிரிஜ் கதவு ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை. சிங்க் குழாயில் யாரோ கட்டிவிட்ட துணி. மேடை ஓரத்தில் டைல்ஸுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகக் கோடு; எத்தனை குடும்பம் எத்தனை நாள் சாம்பார் கொதிக்கவிட்ட கோடு என்று தெரியவில்லை. 

என் கணவருக்கு அதே படத்தில் வேறு ஏதோ தெரிந்தது.

"கிச்சன் இருக்கு பாரு! குக்கர், மிக்ஸி எல்லாம் இருக்காம். வெளிய கண்ட எண்ணெய்ல செய்யறதைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்க வேணாம். நம்ம வீட்டுச் சாப்பாட்டையே சாப்ட்டுக்கலாம்" என்றார். எனக்கு ஏதோ நகை வாங்கி வந்தவர் போல முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. சொல்லவில்லை. சமைக்கப் பிடிக்கவில்லை என்று எங்கள் வீட்டில் நான் சொன்னால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்தால் கோபமா என்பார்கள். அதற்கும் மேலே அவர்களிடம் கேள்வி கிடையாது. அதனால் நான் சிற்பங்களைப் பற்றிப் பேசினேன். கலங்கரை விளக்கத்தில் ஏறலாம் என்றேன். பிள்ளைகளுக்கு வரலாறு தெரிய வேண்டாமா என்றேன். வரலாறு! பள்ளிக்கூடத்தில் நான் கடைசி மார்க் வாங்கிய பாடம்.

"அண்ணி, அந்தக் கல்லெல்லாம் காலேஜ் டூர்லயே பார்த்தாச்சு. வெயில்ல பசங்க சுருண்டு விழுந்துடுவாங்க" என்று கொழுந்தன் குரல் பதிவு அனுப்பினான்.

நியாயமான பதில்தான். நான் சொன்ன காரணத்துக்கு அது நியாயமான பதில். சொல்லாத காரணத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

கடைசியில் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். கோவளத்துக்கு அண்ணனும் தம்பியும். மாமல்லபுரத்துக்கு நானும் என் ஓரகத்தியும். அவள் ஒரு காரணமும் எழுதவில்லை. மாமல்லபுரம் என்பதைத் தொட்டுவிட்டு மறைந்துவிட்டாள். அவளுக்கும் என் காரணம்தான் என்று எனக்குப் புரிந்தது. மீதி இருந்தது என் மகளின் ஓட்டு. பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரையில் அவள் ஓட்டு விழுந்தது. கோவளம்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பெற்று வளர்த்தது இதற்கா என்று மட்டும் மனசுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டு உளுந்தை ஊறப்போடப் போனேன்.

ஆமாம், உளுந்து. சமையலறை இருக்கிற ஊருக்குப் போகிறோம் என்று முடிவானதும் முதலில் முடிவானது மாவுதான். கடலுக்குப் போகிறவர்கள் துண்டு எடுத்துப் போவார்கள், பந்து எடுத்துப் போவார்கள். நாங்கள் இட்லி மாவு எடுத்துப் போனோம். எங்களைப் போன்றவர்களை மட்டும்தான் இப்படிப் பார்க்க முடியும். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் காலையில் வெள்ளையாக, உருண்டையாக, ஆவி பறக்க ஏதாவது தட்டில் இருந்தாக வேண்டும். கிரைண்டரில் அரைத்து ஃபிரிஜ்ஜில் வைத்திருந்த மாவைக் கிளம்பும் காலையில் எடுத்து எவர்சில்வர் தூக்குகளில் ஊற்றியவர் என் கணவர். அந்த ஒரு வேலையை அவரே விரும்பிச் செய்தார்.

"கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க. பொங்கும்" என்றேன்.

"ரெண்டு மணி நேரத்துல என்ன பொங்கிடப் போவுது? கோவளம் என்ன காசியா?" என்று மூடியை அழுத்தினார்.

மூன்றாவதாக ஒரு தூக்கு எடுத்தால் வண்டியில் இடம் போதாது என்பது அவர் கணக்கு. பூந்தமல்லியில் ஓரகத்தி தன் பங்குக்கு ஒரு டப்பா மாவோடு ஏறினாள். அவள் முகத்தையும் பார்த்தேன். டப்பாவைப் பின்னால் தூக்குகளோடு வைத்தாள்.

வாடகை வேன். அவுட்டர் ரிங் ரோட்டில் பறந்தது, வண்டலூர் தாண்டியதும் நின்றது. அன்றைக்குச் சென்னையே கடலைப் பார்க்கக் கிளம்பியிருந்தது போல. கேளம்பாக்கம் வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஏசி பின்சீட்டு வரைக்கும் வரவில்லை. பையன்களில் சின்னவன் சிப்ஸ் பாக்கெட்டிலேயே வாந்தி எடுத்தான். அந்தப் பாக்கெட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் அவன் அம்மா அதன் வாயை முறுக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேலாக இன்னொரு வாடை எனக்கு மட்டும் முதலில் வந்தது. புளிப்பு. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"யக்கா, இன்னாக்கா இது? பின்னாடி ஒரே வெள்ளையா ஒழுவிகினு கீது. பெயிண்ட்டு எதுனா எட்தாந்தீங்களா?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்திருந்தது. நுரை நுரையாக, குமிழ் உடைந்து உடைந்து, உயிரோடு இருக்கிற எதுவோ போல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கதவு இடுக்கில் புகுந்து நம்பர் பிளேட்டில் வழிந்து ரோட்டில் சொட்டியது. தூக்குக்குப் பக்கத்தில் அடியில் இருந்தது என் பை. மற்றவர்கள் பையெல்லாம் மேலே. ஜிப்பைத் திறந்தேன். கடலில் இறங்குவதற்கென்று வாங்கியிருந்த புதுச் சுடிதார், மாற்றுப் புடவை, துண்டு, எல்லாவற்றின் மடிப்பிலும் மாவு. கையை விட்டபோது வெதுவெதுவென்று இருந்தது. அந்த வெதுவெதுப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"சீட்டுக்கு அடில பூந்துச்சுன்னு வெய்யி, ஒரு மாசம் நாறும்க்கா. ஓனரு என்னிய உரிச்சி உப்பு போட்ருவாரு" என்றார் டிரைவர்.

நானும் ஓரகத்தியும் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி, பழைய துணியால் வழித்து வழித்து ரோட்டோரத்தில் உதறினோம். ஈக்கள் எங்கிருந்தோ வந்துவிட்டன. ஒன்று மட்டும் எனக்குச் சந்தோஷம். மாவு போயிற்று, இனிமேல் வெளியேதான் சாப்பிட்டாக வேண்டும். துடைத்துக்கொண்டே உள்ளூரச் சிரித்தேன்.

என் கணவர் தூக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாதிக்கு மேல அப்படியே இருக்கு. புளிச்சா என்ன, ஊத்தப்பம் ஊத்திக்கலாம். ஊத்தப்பத்துக்குப் புளிச்ச மாவுதான் ருசி" என்றார்.

கோவளத்து வீட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? படத்தில் இருந்த பிளாஸ்டிக் பூ இருந்தது. தலையணை உறையில் யாருடைய தலையெண்ணெயோ வட்டமாக இருந்தது. குளியலறைச் சல்லடையில் நீளமான முடி, அதைக் குச்சியால் எடுக்கப்போனால் வந்துகொண்டே இருந்தது. குக்கரைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். பள்ளத்தில் முன்னால் வந்து போனவர்களின் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாது. அவர்கள் வீட்டிலும் ஒருத்தி கடலுக்கு வந்து பருப்பு வேகவைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் எல்லோரோடும் கடற்கரைக்குப் போனேன். பேப்பர் கப், சோளக்கதிர் மட்டை, குழந்தையின் டயப்பர் ஒன்று பாதி மணலில் புதைந்து. அதையெல்லாம் தாண்டிப் போய் அலையில் கால் வைத்தேன். அந்தத் தண்ணீர் காலைச் சுற்றியபோது, உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. முழங்கால் வரைக்கும் போகலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகினேன். அப்போது என் கணவர் கரையில் ஒரு அம்மாவிடம் மீன் வாங்கிக்கொண்டு கையை ஆட்டிக் கூப்பிட்டார். இப்போதுதான் படகிலிருந்து இறங்கியதாம். உடனே குழம்பு வைத்தால்தான் ருசியாம். பை சொட்டச் சொட்ட வீட்டுக்குத் திரும்பினேன். அன்றைக்கு அந்த வீட்டுச் சிங்க்கில் செதில் அடைத்துக்கொண்டது. அதையும் என் விரல்தான் எடுத்தது.

ஓரகத்தி வெங்காயம் நறுக்கித் தந்தாள். "இங்கயும் அதே விசில்தான் கேக்குது, இல்லக்கா?" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை ஊத்தப்பம். மூடியைத் திறந்ததும் புளிப்பு மூக்கில் ஏறியது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு. அதை வழித்து எறிந்துவிட்டு ஊற்ற ஆரம்பித்தேன். அந்தச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிச் சில்லு பதித்த மதில் சுவர். கடல் அந்தப் பக்கம் இல்லை. கூடத்திலிருந்து வழக்கமான குரல்கள் வந்தன.

"அண்ணி, எனக்கு வெங்காயம் தூக்கலா."

"எனக்கு முறுகலா. கடல் காத்துல உக்காந்து வீட்டு ஊத்தப்பம்! எந்த ஓட்டல்ல கிடைக்கும் இது?" இது என் கணவர்.

வியர்வை முதுகில் இறங்கி அதே இடத்தில் தேங்கியது. அரை நாள் பயணம் செய்து, வாந்தியும் மாவும் துடைத்து, யாரோ ஒருவரின் பிசுக்கில் நின்று, மேனாம்பேட்டில் செய்வதையே நான் செய்துகொண்டிருந்தேன். அங்கேயாவது பிசுக்கு என்னுடையது.

அப்போது சின்னவன் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். கையில் மணல் வாளி. "பெரிம்மா, நீங்க கடலுக்கு வரலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து பதில் வந்தது. "பெரிம்மாவுக்குக் கடல் பிடிக்காதுடா. அவங்களுக்கு எல்லாமே அருவருப்பு. நீ வா, பெரிப்பா கூட்டிட்டுப் போறேன்."

அடுப்பை அணைத்தேன். கல்லில் ஒரு ஊத்தப்பம் பாதி வெந்து கிடந்தது. கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன்.

"நான் மாமல்லபுரம் போறேன்" என்றேன்.

"இப்பவா?" என்றார் கணவர், வாயில் இருந்ததை மென்றுகொண்டே. "அந்தக் கல்லு எங்கயும் ஓடிடாது. சாயங்காலம் கிளம்பினதும் அங்க ஒரு எட்டு பார்த்துட்டு ஊருக்குத் திரும்பலாம்."

"கல்லைப் பாக்க இல்ல. சாப்பிட."

 மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"எனக்கு ரெண்டு நாள் சமைக்காம இருக்கணும். அதுக்குத்தான் மாமல்லபுரம் கேட்டேன். அங்க கிச்சன் இல்ல. வேற ஒரு காரணமும் கிடையாது."

என் கணவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அட, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே? யாரு வேணாம்னா?" என்றார்.

நடிக்கவில்லை அவர். முகத்தில் துளிகூடக் கள்ளமில்லை. தெரியாதாம். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து முறுகலா, மெத்துனா என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாதாம். குக்கர் ரப்பரில் ஒட்டியிருந்த ஊர் பேர் தெரியாத பருப்பைவிட, உயிரோடு நகர்ந்த மாவைவிட, அந்தக் கள்ளமில்லாத முகம்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

ஓரகத்தி எழுந்து கரண்டிக்குக் கையை நீட்டினாள். "நீ வாங்காத" என்றேன் அவளிடம். கரண்டியை என் கணவர் கையில் கொடுத்தேன். கல்லில் கிடப்பதைத் திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

செருப்பை மாட்டும்போது மகளும் வந்து நின்றாள். வாசலைத் தாண்டும்போது ஓரகத்தி பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஒரு வடை கட்டிட்டு வாங்க."

ஈசிஆரில் பஸ் கூட்டமாக வந்தது. கம்பியில் ஒட்டியிருந்த பிசுக்கைத் தொடாமல் எங்கே பிடிப்பது என்று பார்த்துக்கொண்டே போனேன். திருவிடந்தை தாண்டி இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் கேட்டேன்.

"நீ ஏன்டி கோவளம்னு போட்ட?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஹாஸ்டல் போனா உன் சாப்பாடு கிடைக்காதுல்ல. இருக்கறதே கொஞ்ச நாள். அதுல ரெண்டு நாளை ஓட்டல்ல சாப்ட்டு வீணாக்க வேணாம்னு நினைச்சேன்."

வேறு தாயாக இருந்தால் அழுதிருப்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்னைப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் பசிக்கிறது. அவருக்கு என் ஊத்தப்பம் பிடிக்கும், கொழுந்தனுக்கு என் குழம்பு பிடிக்கும், பெற்ற பெண்ணுக்கும் பிரிகிற நேரத்தில் என் ஞாபகம் நாக்கில்தான் இருக்கிறது.  கொஞ்ச நேரம் கழித்து அவள் என் கையைப் பிடித்தாள். கையில் வெங்காய வாடை அடித்திருக்கும். விடவில்லை.

மாமல்லபுரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே இருந்த சைவ ஓட்டல் ஒன்றில் நுழைந்தோம். நல்ல ஓட்டல் என்று சொல்ல மாட்டேன். மேஜையைத் துடைத்த துணி மேஜையைவிடக் கறுப்பு. டம்ளர் விளிம்பில் விரல் ரேகை. சாம்பார் வாளி கை பட்டுப் பட்டு வழுக்கியது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து போக வேண்டியதில்லை என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

போன் அடித்தது. கணவர். "மொளகாப் பொடி எங்க வெச்சிருக்க?"

"என் பையில. மாவுக்கு அடியில" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சர்வர் இரண்டு தோசையைக் கொண்டுவந்து போட்டார். வழக்கம்போல என் கண் ஓடியது. ஓரம் கருகியிருந்தது. நடுவில் மாவு தடிமனாக விழுந்திருந்தது. நிறம் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் இன்னொரு மாதிரி. சட்னியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடியது. தோசையிலிருந்து ஆவி முகத்தில் அடித்தது. பிய்த்து வாயில் போட்டேன்.

நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, வாயைத் திறந்துகொண்டு ஊதினேன். மகள் கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, நீ சூடா தோசை சாப்ட்டு நான் பார்த்ததே இல்லம்மா" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஞாபகம் இல்லை.

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "கொஞ்சம் ஆற வெச்சு சாப்டும்மா."

"ஆறினதைத் தின்னது போதும்டி" என்றேன்.

சட்டையாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருப்பேன், அப்படி ஒரு தோசை. ஓரம், நடு எதையும் மிச்சம் வைக்கவில்லை. சர்வரைக் கூப்பிட்டு இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன். கல்லிலிருந்து எடுத்ததும் நேராக வர வேண்டும் என்றேன்.